ஃபிஜி கிராமத்துக்குப் போகிறோம், கவா குடித்தே ஆக வேண்டுமா?

கேள்வி: வரும் ஜூலையில் கணவர், எட்டு வயது மகளுடன் ஃபிஜி போகிறேன். நாண்டியில் தங்கிக்கொண்டு, மலைப்பக்கம் இருக்கும் நவாலா கிராமத்தில் ஒரு நாள் கழிக்க ஆசை. கவா இல்லாமல் ஊருக்குள் போகக் கூடாது என்கிறார்கள். அது மதுவா? நாங்கள் சைவம். குடிக்க மறுத்தால் தப்பாக நினைப்பார்களா? என்ன உடுத்துவது?

பதில்: கவா மது இல்லை. மிளகுக்கும் வெற்றிலைக்கும் நெருங்கிய சொந்தமான ஒரு செடியின் வேர். காயவைத்து, இடித்து, தண்ணீரில் கசக்கி வடிகட்டுகிறார்கள், புளிக்கவைப்பது கிடையாது. குடித்தால் உதடும் நாக்கும் மரத்துப்போகும், உடம்பு தளர்ந்து கொடுக்கும். சைவத்துக்கு ஒரு பங்கமும் இல்லை.

ஆனால் உங்கள் கேள்வியில் இரண்டு விஷயங்கள் கலந்துவிட்டன. கவாவைக் குடிப்பது வேறு, கொடுப்பது வேறு. குடிக்காமல் இருக்கலாம், கொடுக்காமல் இருக்கக் கூடாது. கொடுப்பதற்கு 'செவுசெவு' என்று பெயர். அது நுழைவுக் கட்டணமும் இல்லை, அன்பளிப்பும் இல்லை. 'உங்கள் மண்ணில் கால் வைக்கலாமா?' என்று கேட்கும் முறை. நாம் வெற்றிலை பாக்கு வைத்து ஒரு காரியத்தைத் தொடங்குகிறோமே, அந்த இடம்தான் அங்கே இந்த வேருக்கு. ஊர் தனியாகப் பணம் கேட்டால் அதையும் கொடுங்கள். அதைக் கொடுத்ததால் செவுசெவு கழிந்துபோகாது.

நாண்டி சந்தையில் முழு வேராகக் கட்டி வைத்து விற்பார்கள். அதை 'வாகா' என்று கேளுங்கள். பொடிப் பொட்டலம் வேண்டாம், அது வீட்டில் கலக்கிக் குடிக்க. அரைக் கிலோ போதும். 'செவுசெவுவுக்கு' என்று சொன்னால் கடைக்காரரே செய்தித்தாளில் சுற்றி நாடா கட்டித் தருவார். 2016இல் வின்ஸ்டன் புயல் கவாத் தோட்டங்களை அழித்த பிறகு விலை நன்றாக ஏறிவிட்டது. பேரம் பேசி மெலிந்த கட்டாக எடுக்காதீர்கள். விற்பவர் இந்திய வம்சாவளியாக இருந்தால் இதையே 'கிராக்' என்பார். 1903 முதல் சென்னையிலிருந்து கப்பலேறிக் கரும்புத் தோட்டத்துக்குப் போனவர்களின் கொள்ளுப் பேரனாகவும் இருக்கலாம், இரண்டு வார்த்தை பேசிப் பாருங்கள்.

சொல்லாமல் கொள்ளாமல் போய் நிற்காதீர்கள். தங்குமிடத்தில் சொல்லி, அந்த ஊரை அறிந்த ஒருவரை உடன் அழைத்துப் போங்கள். ஊர் நிர்வாகியான 'தூராங்கா நி கோரோ'விடம் அவர் கூட்டிப்போவார். செருப்பை வெளியே விட்டு, உள்ளே பாயில் உட்காருங்கள். ஆண்கள் சம்மணம் போடுவார்கள், பெண்கள் காலை ஒருபக்கமாக மடித்துக்கொள்வார்கள். வேர்க்கட்டைக் கையில் திணிக்காமல் ஊர்ப் பெரியவர் முன்னால் தரையில் வையுங்கள். நீங்கள் யார், எங்கிருந்து, எதற்காக வந்தீர்கள் என்று உடன் வந்தவர் உங்களுக்காக ஃபிஜி மொழியில் சொல்வார். பெரியவர் கட்டைத் தொட்டு ஏற்றுக்கொண்டு, சில வார்த்தை சொல்லி, உள்ளங்கைகளைக் குவித்துக் கொட்டுவார். அந்த ஆழ்ந்த ஓசையோடு நீங்கள் அவர்கள் விருந்தாளி. அதற்குப் பிறகு உங்களுக்கு ஏதாவது நேர்ந்தால் அது அந்த ஊரின் பொறுப்பு. அதனால்தான் முதலில் கேட்கச் சொல்கிறார்கள். படமெடுப்பது, ஆற்றில் இறங்குவது எல்லாம் இதற்குப் பிறகுதான், அதுவும் கேட்டுவிட்டு.

பிறகு 'தானோவா' என்ற மரத்தொட்டியில் கவா கலக்கி, தேங்காய்ச் சிரட்டையில் நீட்டுவார்கள். ஒருமுறை கை கொட்டி, 'ம்புலா' என்று வாழ்த்துச் சொல்லி, ஒரே மூச்சில் குடித்துச் சிரட்டையைத் திருப்பித் தந்து மூன்று முறை கொட்ட வேண்டும். முதல் சிரட்டையை மட்டும் ஏற்றுக்கொண்டால் அவர்களுக்கு மகிழ்ச்சி. 'லோ டைட்' என்றால் பாதிதான் ஊற்றுவார்கள். கர்ப்பமாக இருந்தாலோ, கல்லீரல் கோளாறு இருந்தாலோ, தினமும் மருந்து எடுத்தாலோ வேண்டவே வேண்டாம். உடன் வருபவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், யாரும் வற்புறுத்த மாட்டார்கள். குழந்தைக்கும் வேண்டாம். கார் ஓட்டப்போகிறவரும் குடிக்கக் கூடாது. மலைப்பாதை கரடுமுரடானது.

உடைக்கு உங்கள் சல்வாரே போதும். தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும், அவ்வளவுதான். கணவர் அரைக்கால் சட்டையைத் தவிர்த்து, சந்தையில் கிடைக்கும் 'சூலு'வைக் கட்டிக்கொள்ளட்டும். நம் கைலி மாதிரிதான். தொப்பியும் கூலிங் கிளாஸும் ஊருக்குள் கூடாது. பையைத் தோளில் மாட்டாமல் கையில் பிடியுங்கள். பாசத்தில் குழந்தைகளின் தலையைத் தடவிவிடும் பழக்கம் நமக்கு உண்டு. அங்கே அடுத்தவர் தலையைத் தொடக் கூடாது. ஒரு வீட்டுப் பொருளை 'ரொம்ப அழகாக இருக்கு' என்று திரும்பத் திரும்பப் புகழாதீர்கள், உங்களுக்கே கொடுத்துவிட வேண்டிய சங்கடம் அவர்களுக்கு வரும்.

சாப்பாட்டில் கவலை குறைவு. அவித்த சேப்பங்கிழங்கும் மரவள்ளியும், தேங்காய்ப்பாலில் வெந்த சேம்பு இலையும் கட்டாயம் இருக்கும். 'பாலுசாமி' என்றால் மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள், இலைக்குள் டின் மாட்டிறைச்சி வைத்திருக்கக்கூடும். சைவம் என்பதை முதல் நாளே சொல்லியனுப்புங்கள். ஜெபம் முடியும்வரை கை வைக்காதீர்கள். பல வீடுகளில் விருந்தினர் சாப்பிட்ட பிறகே வீட்டார் அதே பாத்திரத்திலிருந்து எடுத்துக்கொள்வார்கள், அதை மனதில் வைத்துப் பரிமாறிக்கொள்ளுங்கள்.

ஞாயிறு வேண்டாம், அது தேவாலயத்துக்கும் ஓய்வுக்கும் உரிய நாள். வேறு எந்த நாளிலும், கிளம்பும்போது வண்டியில் ஏறிக் கையசைத்துவிட்டுப் போய்விடாதீர்கள். பெரியவரிடம் திரும்பப் போய் உட்கார்ந்து விடை கேளுங்கள். இரவு தங்கினால் அதற்கென்று இன்னொரு சின்ன வேர்க்கட்டு வைத்திருங்கள். மகளுக்கு 'மோதே' என்று சொல்லப் பழக்குங்கள், 'போய்வருகிறேன்' என்பதற்கு அங்கே அதுதான் சொல்.