ஏழாம் வகுப்போடு நின்றவர் கம்பெனி வேலைக்குப் போக முடியுமா?

முக்கூடல் பக்கத்து வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்: "எனக்கு 34 வயசு. ஏழாம் வகுப்போட நின்னுட்டேன். 15 வருஷமா பீடி சுத்துறேன். கங்கைகொண்டான் சிப்காட்டுக்கு வேலைக்குப் போகணும்னு ஆசை. 15,000 ரூபா கட்டினா மூணு மாசப் பயிற்சி, அப்புறம் வேலை உறுதின்னு ஒருத்தர் சொல்லுதாரு. கட்டலாமா?"

கட்ட வேண்டாம், தங்கச்சி. கிராமத்து ஏழைக் குடும்பங்களுக்கான தீனதயாள் உபாத்யாய கிராமின் கௌசல்யா யோஜனாவில் பயிற்சி இலவசம். பெண்கள் 45 வயது வரை சேரலாம். பயிற்சி தருபவருக்கான பணத்தை அரசே கொடுக்கிறது. எத்தனை பேரை வேலையில் அமர்த்தினார் என்பதையும் பார்த்துத்தான் கொடுக்கிறது. அப்படியிருக்க உங்களிடம் பணம் கட்டச் சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. உங்கள் மகளிர் குழு மூலமாகவோ, கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீஸ் வளாகத்தில் மகளிர் திட்ட அலுவலகத்திலோ நேரில் கேளுங்கள். வங்கிகள் நடத்தும் ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையத்திலும் சாப்பாட்டோடு இலவசப் பயிற்சி உண்டு. ஆனால் அது தையல் போலச் சொந்தமாகத் தொழில் செய்ய நினைப்பவர்களுக்கு. கம்பெனி வேலைக்கான வழி அல்ல.

உங்களுக்கு இப்போது உண்மையில் தேவைப்படுவது எட்டாம் வகுப்புச் சான்றிதழ். கம்பெனிகளில் மெஷினில் நிற்கும் வேலைக்குப் பெரும்பாலும் பத்து, பன்னிரண்டு, டிப்ளமோ கேட்பார்கள். ஏழாவதுக்குக் கான்டிராக்டர் மூலம் கிடைப்பது துப்புரவு, கேன்டீன், பேக்கிங். எட்டு முடித்துவிட்டால் ஐ.டி.ஐ. கதவு திறக்கும். எட்டாம் வகுப்பு தனித்தேர்வுக்குப் பன்னிரண்டரை வயது முடிந்திருந்தால் போதும், மேல் வயது வரம்பு கிடையாது. தமிழ், ஆங்கிலம், கணக்கு, அறிவியல், சமூக அறிவியல் என ஐந்து தாள். படித்த பள்ளியில் டி.சி.யை இந்த வாரமே கேட்டு வாங்கி வையுங்கள். பேப்பரில் அறிவிப்பு வந்த பிறகு தேட நேரம் இருக்காது. வெல்டர், வயர்மேன், தையல் தொழில்நுட்பம் போன்ற ஐ.டி.ஐ. பிரிவுகளுக்கு எட்டாவது போதும். அரசு ஐ.டி.ஐ.யில் பெண்களுக்கு உச்ச வயது வரம்பு இல்லை, கட்டணமும் இல்லை, மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும் தருகிறார்கள். உங்களுக்கு ஏற்ற பிரிவு எங்கே இருக்கிறது என்று பேட்டை ஐ.டி.ஐ.யிலும் அம்பாசமுத்திரத்திலும் விசாரியுங்கள்.

அடுத்தது இன்டர்வியூ. என் வகுப்புக்கு வரும் பெண்களிடம் முதல் நாள் "உங்களுக்கு என்ன தெரியும்?" என்று கேட்டால், பத்தில் எட்டுப் பேர் "ஒண்ணும் தெரியாது, பீடி மட்டும் சுத்துவேன்" என்பார்கள். அந்த 'மட்டும்' என்ற சொல் என்னைக் குத்தும். ஒருமுறை ஒரு அக்காவை மடியில் சுளகை வைத்துச் செய்து காட்டச் சொன்னேன். நனைத்த இலையைத் தகட்டு அளவில் வெட்டி, தூள் வைத்து, சுற்றி, முனையை மடக்கி, நூல் கட்டினார். அவர் கை நின்றபோது எண்ணிப் பார்த்தோம்: 25, ஒரு கட்டு. ஒன்றுகூடக் குட்டை நெட்டை இல்லை. எடைபோட்டுக் கொடுத்த இலைக்கும் தூளுக்கும் எண்ணிக்கை குறைந்தால் தன் கையிலிருந்து ஈடுகட்ட வேண்டும் என்பதும் அவருக்குத் தெரியும். ஒரே தரம், கச்சிதமான எண்ணிக்கை, மூலப்பொருள் வீணாகாமல் பார்த்துக்கொள்வது: கம்பெனிக்காரர் தேடும் திறமை இதுதானே?

ஆகவே இப்படிச் சொல்லிப் பழகுங்கள்: "15 வருஷமா பீடி சுத்துறேன். எல்லாம் ஒரே அளவா இருக்கும். குடுத்த சரக்குக்குக் கணக்குக் குடுப்பேன். சொன்ன நாள்ல முடிப்பேன்." கண்ணாடி முன்னாலோ, பக்கத்து வீட்டுப் பிள்ளையிடமோ பத்துத் தடவை சத்தமாகச் சொல்லுங்கள். உங்கள் பெயரை ஆங்கிலத்தில் எழுதவும், விண்ணப்பப் படிவத்தை நீங்களே நிரப்பவும் பழகுங்கள். படிவத்தை இன்னொருவர் நிரப்பிக் கொடுத்தால், அதிலிருந்து கேட்கும் முதல் கேள்வியிலேயே திணறிப் போவோம்.

உடம்பையும் தயார் செய்யணும். சம்மணமிட்டே 15 வருடம் உட்கார்ந்த காலுக்கு எட்டு மணி நேரம் நிற்பது பெரிய பாடு. முதல் வாரத்திலேயே வேலையை விட்டுவிட்டு வருகிறவர்களில் பலர் கால் வலிக்காகத்தான் வருகிறார்கள். இப்போதே தினமும் ஒரு மணி நேரம் நின்று வேலை செய்து, மெல்லக் கூட்டுங்கள். பஸ்ஸையும் கேட்டுக்கொள்ளுங்கள்: கம்பெனி வண்டி முக்கூடல் வரை வருமா, இல்லை திருநெல்வேலி வந்துதான் ஏறணுமா? இரவு ஷிப்ட் உண்டா? வீட்டில் பேசி முடிவு செய்த பிறகே 'சரி' சொல்லுங்கள்.

பீடிக் கம்பெனியை விட்டு வெளியேறும் முன் பி.எஃப். விவரத்தைப் பார்த்துவிடுங்கள். ஆதாரில் அப்பா பெயரின் இனிஷியலும், பி.எஃப்.பில் கணவர் பெயரின் இனிஷியலும் இருந்தால் பின்னால் பெரிய அலைச்சல். பிறந்த தேதியையும் இப்போதே ஒன்றாக்கிக்கொள்ளுங்கள். பத்து வருடத்துக்கு மேல் பென்ஷன் கணக்கில் பணம் கட்டப்பட்டிருந்தால், 58 வயதில் உங்களுக்குப் பென்ஷன் உண்டு. கம்பெனி மாறினாலும் பி.எஃப்.புக்கு மாறாமல் இருக்கும் எண்தான் யு.ஏ.என். புதிய கம்பெனியில் இன்னொரு யு.ஏ.என். தொடங்க விடாமல், பழைய எண்ணையே முதல் நாள் கொடுங்கள்.