மகள் கதிர்ச் சிகிச்சை நிபுணராக ஆசைப்படுகிறாள்: திருகோணமலைத் தாய் ஒருவருக்கு

அன்புள்ள அம்மா,

நீங்கள் எழுதியதை மகளின் கண்ணாலும் ஒருமுறை வாசித்துப் பார்த்தேன். பெரியம்மாவுக்கு மகரகமைப் புற்றுநோய் ஆஸ்பத்திரியில் கரண்ட் பிடித்த காலத்தில், அதாவது கதிர்ச் சிகிச்சை கொடுத்த காலத்தில், கூடவே நின்ற பிள்ளை. புற்றுநோய்க்குக் கதிர்வீச்சால் சிகிச்சை கொடுக்கும் நிபுணராகத்தான் வரவேண்டும் என்று அவள் சொல்வதை வயதுக் கோளாறு என்று தள்ளிவிடாதீர்கள். உயர்தரத்தில் உயிரியல் படிக்கும் பிள்ளைகளில் பத்துக்கு ஒன்பது பேர் 'டொக்டர்' என்பதோடு நிறுத்திவிடுவார்கள். எந்த டொக்டர், ஏன் என்று சொல்லத் தெரிந்த பிள்ளை அபூர்வம்.

முதலில் உங்கள் பெரிய பயத்துக்கு வருகிறேன். இன்டர்நெட்டில் தேடியபோது வந்த நிபந்தனைகளை அப்படியே எழுதி அனுப்பியிருந்தீர்கள். அவை அமெரிக்காவின் கதிரியக்கவியல் சபை, அமெரிக்காவில் பயிற்சி பெறுகிறவர்களுக்கு விதித்தவை. அங்கே மருத்துவப் பட்டம் முடித்தவர் ஒரு வருடம் பொதுவான மருத்துவப் பயிற்சி, பிறகு நான்கு வருடம் கதிர்ச் சிகிச்சைப் பயிற்சி என்று ஐந்து வருடம் செய்யவேண்டும். மருத்துவ இயற்பியல், கதிர்வீச்சு உயிரியலும் புற்றுநோய் உயிரியலும், நோயாளியைச் சார்ந்த சிகிச்சை என்று மூன்று கணினிப் பரீட்சைகள் உண்டு. அவை எல்லாம் சித்தியடைந்தபின் வாய்மொழிப் பரீட்சை. பயிற்சி முடிந்து ஆறு வருடத்துக்குள் சான்று எடுத்துவிட வேண்டும் என்ற கெடுவும் இருக்கிறது. வெளிநாட்டில் மருத்துவம் படித்தவர் அந்தப் பயிற்சிக்குள் நுழைய அதற்கு முன்பே அவர்களுடைய தகுதிப் பரீட்சைகளைத் தாண்டவேண்டும். உங்கள் மகள் திருகோணமலையிலிருந்து படித்து இந்த நாட்டில் நிபுணராவதற்கு இதில் ஒன்றும் தேவையில்லை. அமெரிக்கக் கணக்கைப் பார்த்து நீங்கள் நித்திரை கெட வேண்டாம்.

இங்கே நிபுணர் என்ற சான்றை வழங்குவது கொழும்புப் பல்கலைக்கழகத்தின் கீழ் இயங்கும் பட்டப்பின் மருத்துவ நிறுவகம். வைத்தியர்கள் எல்லாரும் பி.ஜி.ஐ.எம். என்றுதான் சொல்வார்கள். அங்கே இந்தத் துறைக்குப் பெயர் கிளினிக்கல் ஒன்கொலஜி, அதாவது புற்றுநோய்ச் சிகிச்சைத் துறை. பிரிட்டனில் இருப்பது போலவே இங்கும் இந்த நிபுணர் கதிர்ச் சிகிச்சையையும் கொடுப்பார், கீமோதெரபியையும் கொடுப்பார். அமெரிக்காவில் இந்த இரண்டும் இரண்டு வேறு நிபுணர்களின் வேலை. ஆகவே உங்கள் மகள் போகப்போகும் துறை, நீங்கள் இன்டர்நெட்டில் வாசித்ததைவிட அகலமானது.

பி.ஜி.ஐ.எம். வாசலுக்குப் போய்ச் சேரவே பல படிகள் உண்டு. இலங்கை மருத்துவச் சபையில் பதிவு செய்யத்தக்க எம்.பி.பி.எஸ். பட்டம், ஒரு வருட இன்டர்ன்ஷிப், அது முடிந்தபின் இந்த நாட்டிலேயே இன்னொரு வருட வேலை அனுபவம். இவை இருந்தால்தான் தெரிவுப் பரீட்சைக்கு விண்ணப்பிக்கலாம். பரீட்சையில் சித்தியடைவது மட்டும் போதாது. ஒவ்வொரு துறைக்கும் இத்தனை பேர் என்று இடம் மட்டுப்படுத்தப்பட்டிருப்பதால் புள்ளி வரிசையிலும் முன்னுக்கு நிற்கவேண்டும். தெரிவானபின் ரெஜிஸ்ட்ராராக, அதாவது பயிற்சி வைத்தியராக, புற்றுநோய்ப் பிரிவுகளில் வேலை செய்துகொண்டே படிப்பு, எம்.டி. என்ற பட்டப்பின் பட்டத்துக்கான பரீட்சை. இங்கே ஒரு விஷயம் பெற்றோருக்கு மட்டுமல்ல, மருத்துவ மாணவர்களுக்கும் பிடிபடுவதில்லை. எம்.டி. எடுத்தவுடன் ஒருவர் நிபுணராகிவிடுவதில்லை. அதன்பிறகு சீனியர் ரெஜிஸ்ட்ராராக உள்நாட்டிலும் வெளிநாட்டிலும் பயிற்சி இருக்கிறது. செய்த வேலை, கற்ற செய்முறைகள், ஆய்வு, கற்பித்தது எல்லாவற்றையும் ஒரு போர்ட்போலியோவில் சேர்த்து வைத்து, கடைசியில் அதை முன்வைத்து நடக்கும் மதிப்பீட்டுக்கு முகம் கொடுக்கவேண்டும். அதில் தேறிய பிறகுதான் போர்ட் சேர்ட்டிபிகேஷன் என்ற நிபுணர் சான்று, அதன் பின்னர்தான் கன்சல்டன்ட் என்ற நிபுணர் பதவி. தெரிவிலிருந்து சான்று வரை ஐந்தாறு வருடத்துக்குக் குறையாது என்று வைத்துக்கொள்ளுங்கள். விதிகளும் காலமும் அவ்வப்போது மாறும். ஆகவே அவள் விண்ணப்பிக்கும் வருடத்தின் விபரக்கொத்தை வரிக்கு வரி வாசிக்கவேண்டும். சீனியர் ஒருவர் சொன்னார் என்று அதை விட்டுவிடக்கூடாது.

இப்போது வயதுக் கணக்கு. 'முப்பத்தைந்து வயது வரை பிள்ளை படித்துக்கொண்டே இருந்தால்...' என்று எழுதி, பிறகு அந்த வசனத்தை முடிக்காமல் விட்டிருந்தீர்கள். முடிக்காவிட்டாலும் விளங்கியது. கணக்கு ஏறக்குறைய சரிதான். இருபது, இருபத்தொரு வயதில் மருத்துவ பீடம், ஐந்து வருடப் படிப்பு, இன்டர்ன்ஷிப்புக்குக் காத்திருக்கும் காலம், இன்டர்ன்ஷிப், ஒரு வருட வேலை, தெரிவுப் பரீட்சை, பயிற்சி என்று கூட்டினால் முப்பத்தைந்தைத் தொடும், சிலருக்குத் தாண்டும். ஆனால் இன்டர்ன்ஷிப் தொடங்கிய நாளிலிருந்து அவள் சம்பளம் எடுக்கும் வைத்தியர். ரெஜிஸ்ட்ராராக இருக்கும்போதும் சம்பளம் வரும். கலியாணமோ பிள்ளைகளோ இந்தச் சான்று கைக்கு வரும்வரை காத்திருக்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. பயிற்சிக் காலத்தில் கலியாணம் செய்து, பிள்ளை பெற்று, விடுப்பு எடுத்து, திரும்பிவந்து முடித்த பெண் நிபுணர்கள் இந்த நாட்டில் நிறையப் பேர். கஷ்டம் இல்லை என்று சொல்லமாட்டேன். வீட்டார் தாங்கிப் பிடிக்காவிட்டால் அது மிகவும் கஷ்டம். அந்தத் தாங்கிப் பிடிப்பது பற்றி இப்போதே யோசியுங்கள்.

அடுத்தது, நீங்கள் கடைசி வரியில் கேட்டது. 'கதிர் அடிக்கிற இடத்தில் ஒரு பொம்பிளைப் பிள்ளை வேலை செய்யலாமா, பிற்காலத்தில் பிள்ளைப்பேறு பாதிக்காதா?' என்னிடம் வரும் தாய்மார் பலருக்கும் இந்தக் கேள்வி உண்டு, ஆனால் வாய்விட்டுக் கேட்பவர்கள் குறைவு. நீங்கள் கேட்டது நல்லது.

இன்று கதிர்ச் சிகிச்சை பெரும்பாலும் லீனியர் அக்ஸலரேட்டர் என்ற இயந்திரத்தால் நடக்கிறது. அது மின்சாரத்தால் கதிரை உண்டாக்கும். மின்சாரத்தை நிறுத்தினால் கதிர் இல்லை. நோயாளி படுத்திருக்கும் அறையின் கொங்கிரீட் சுவர்கள், கதிர் நேரே விழும் பக்கத்தில் இரண்டு மீட்டர் அளவு தடிப்பம். கதிர் கொடுக்கும் நேரத்தில் உள்ளே நோயாளி மட்டும்தான் இருப்பார். மற்றவர்கள் வெளியே கமராவில் பார்த்துக்கொண்டு இருப்பார்கள், கதவு திறந்தால் இயந்திரம் தானாக நின்றுவிடும். பழைய கோபால்ட் இயந்திரத்தில் கதிர்முதல், அதாவது கதிரை வெளிவிடும் பொருள், எப்போதும் உள்ளே இருக்கும், ஆனால் சிகிச்சை முடிந்தவுடன் அது கவசத்துக்குள் போய்விடும். கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்கு உள்ளே வைத்துக் கொடுக்கும் சிகிச்சையிலும் கதிர்முதலை இயந்திரம்தான் குழாய் வழியாக அனுப்பி எடுக்கிறது, கையால் தொடுவதில்லை. ஊழியர் ஒவ்வொருவரும் சட்டையில் ஒரு சிறிய பட்டை குத்தியிருப்பார்கள், அவர் பெற்ற கதிரின் அளவை அது பதியும். உடல் பெறும் கதிரை மில்லிசீவர்ட் என்ற அலகில் அளப்பார்கள்; ஊழியருக்குச் சர்வதேச வரம்பு வருடத்துக்கு சராசரி 20 மில்லிசீவர்ட். கர்ப்பம் என்று அறிவித்துவிட்டால், வயிற்றிலுள்ள குழந்தைக்கு மிச்சக் காலம் முழுவதற்கும் 1 மில்லிசீவர்ட்டைத் தாண்டாதபடி அவளுடைய வேலையை மாற்றிக் கொடுக்கவேண்டும். இலங்கையில் இவற்றை எல்லாம் 2014ஆம் ஆண்டின் 40ஆம் இலக்க அணுசக்திச் சட்டத்தின் கீழ் அமைந்த ஒழுங்குபடுத்தும் சபை கண்காணிக்கிறது. நிபுணரோ தன் நாளில் பெரும்பகுதியைக் கிளினிக்கிலும் வார்ட்டிலும் கணினியின் முன்னாலும்தான் கழிப்பார். எனவே இந்தக் காரணத்துக்காக மகளை மறிக்கவேண்டாம், அம்மா. மறிப்பதற்கு இதில் நியாயம் இல்லை.

கணினி என்று சொன்னேன் அல்லவா, அதை மகளுக்கும் காட்டுங்கள். தலை, கழுத்துப் பகுதியில் புற்றுநோய் வந்தவருக்கு முதலில் முகமூடி ஒன்று செய்வார்கள். சல்லடை போன்ற பிளாஸ்ரிக் தகட்டைச் சுடுதண்ணீரில் போட்டு இளகவைத்து, முகத்தில் அமர்த்தி இழுத்தால் சில நிமிடத்தில் முகத்தின் அச்சாக இறுகிவிடும். ஒவ்வொரு நாளும் தலை அசையாமல் அதே இடத்தில் இருப்பதற்கு அது. அதைப் போட்டபடியே சீ.ரீ. ஸ்கான் எடுப்பார்கள். பிறகு வைத்தியர் ஒவ்வொரு படமாகத் திறந்து, கட்டி எதுவரை, முள்ளந்தண்டு நரம்பு எங்கே, உமிழ்நீர்ச் சுரப்பி எங்கே என்று கோடு போடுவார். ஒரு நோயாளிக்கே நூற்றுக்கணக்கான படங்கள். அந்தக் கோட்டைக் கொண்டுதான் மருத்துவ இயற்பியலாளர் கதிர் எந்தத் திசையிலிருந்து எவ்வளவு போகவேண்டும் என்று திட்டம் போடுவார். கோடு சில மில்லிமீட்டர் உள்ளே தள்ளினால் கட்டியின் ஓரம் தப்பிவிடும், வெளியே தள்ளினால் அந்த மனிதருக்கு வாழ்நாள் முழுவதும் வாய் வறண்டுபோகலாம். பொறுமையும் உடற்கூற்றியலும் பௌதிகமும் ஒரே கையில் வேண்டிய வேலை இது. உங்கள் மகள் பௌதிகத்தை 'உயிரியலோடு சேர்ந்து வந்த சுமை' என்று நினைப்பதாக எழுதியிருந்தீர்கள். அந்த நினைப்பு மாறவேண்டும். இந்தத் துறையின் ஆரம்பப் பரீட்சைகளை எந்த நாட்டில் எழுதினாலும் பௌதிகம் முன்னால் வந்து நிற்கும்.

இந்த ஊருக்கு இப்படி ஒரு நிபுணர் என்ன செய்யமுடியும் என்பதையும் சொல்லவேண்டும். மார்பகப் புற்றுநோய்ச் சத்திரசிகிச்சைக்குப் பிறகு முன்பெல்லாம் 25 நாள் கதிர் கொடுப்பது வழக்கம். பிரிட்டனில் நடந்த பெரிய ஆய்வுகளுக்குப் பிறகு, பலருக்கு 15 நாளே போதும் என்பது உறுதியானது. இரவு ரயிலில் கொழும்புக்குப் போய், மகரகமைப் பக்கத்தில் அறை எடுத்து, கூட ஒருவரையும் வைத்துக்கொண்டு தங்கும் மூதூர்க் குடும்பத்துக்கு அந்தப் பத்து நாள் என்றால் என்ன என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை, நீங்களே தங்கியிருக்கிறீர்கள். இன்று மட்டக்களப்பிலும் தெல்லிப்பளையிலும் கதிர்ச் சிகிச்சை நடக்கிறது. தமிழில் நோயாளியோடு நேரே பேசக்கூடிய நிபுணர்கள் வடக்குக் கிழக்குக்கு இன்னும் தேவை. தன் நோய் என்ன, ஏன் இத்தனை நாள் கதிர் என்று மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் கேட்டுத் தெரிந்துகொள்வது நோயாளியின் உரிமை.

சரி, இசட் புள்ளி, அதாவது உயர்தரப் பெறுபேற்றிலிருந்து பல்கலைக்கழக அனுமதிக்குக் கணிக்கும் புள்ளி. மருத்துவ பீட அனுமதியில் 40 வீதம் அகில இலங்கைத் தர வரிசைப்படியும், 55 வீதம் மாவட்டப்படியும், 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் போகிறது. திருகோணமலை அந்தப் பின்தங்கிய மாவட்டப் பட்டியலிலும் இருக்கிறது. ஆகவே கொழும்பு மாவட்ட வெட்டுப்புள்ளியைப் பார்த்துப் பயந்துகொண்டிருக்க வேண்டாம். மூன்று தடவைக்கு மேல் உயர்தரம் எழுதிப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்க முடியாது என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

புள்ளி போதாமல் போனால் என்ன என்பதையும் இப்போதே பேசிவைப்பது நல்லது. திருகோணமலை வளாகத்தில் சித்த மருத்துவம் இருக்கிறது, வீட்டுக்குக் கிட்ட, அதுவும் டொக்டர்தானே என்று உறவினர் சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள். சித்த மருத்துவம் மதிப்பான படிப்பு. அதன்மேல் விருப்பமுள்ள பிள்ளை தாராளமாகப் படிக்கட்டும். ஆனால் அந்தப் பட்டத்தை வைத்துக்கொண்டு கிளினிக்கல் ஒன்கொலஜிப் பயிற்சிக்கு விண்ணப்பிக்க முடியாது. இதைத் தெரியாமல் சேர்ந்துவிட்டு மூன்றாம் வருடத்தில் வந்து அழுத பிள்ளையை எனக்குத் தெரியும். கதிர்ச் சிகிச்சைப் பிரிவிலேயே நிற்கவேண்டும் என்பது மகளின் ஆசை என்றால், பேராதனைப் பல்கலைக்கழகத்தின் ரேடியோகிராபிப் பட்டப்படிப்பைப் பாருங்கள். இயந்திரத்தை இயக்கி, நோயாளியைத் தினமும் சரியாகப் படுக்கவைத்து, ஐந்தாறு கிழமை அவர்களோடு கூடவே இருப்பவர்கள் ரேடியோகிராபர்கள்தான். பெரியம்மாவுக்கு ஆறுதல் சொன்ன மிஸ் என்று மகள் சொல்பவரும் அநேகமாக அப்படி ஒருவராகத்தான் இருப்பார். மருத்துவ இயற்பியலாளர் வழியும் உண்டு, கொழும்பிலும் பேராதனையிலும் அதற்கு முதுமாணிப் படிப்பு இருக்கிறது. ஆனால் அது பௌதிகப் பட்டத்தின்மேல் கட்டுவது, கணிதப் பிரிவுப் பிள்ளைகளுக்கே இலகு. உங்கள் சின்னவன் கணக்கில் கெட்டிக்காரன் என்றீர்களே, அவன் காதில் போட்டுவையுங்கள்.

வெளிநாட்டு மருத்துவப் படிப்புக்கு ஏஜென்ட் வந்து பேசினால், நிலாவெளிக் காணியை விற்பதைப் பற்றிப் பேசுவதற்கு முன் இரண்டு கேள்வி கேளுங்கள். அந்தப் பல்கலைக்கழகம் இன்றைய திகதியில் இலங்கை மருத்துவச் சபையின் அங்கீகாரப் பட்டியலில் இருக்கிறதா? மகளின் உயர்தரப் பெறுபேறு, வெளிநாட்டுப் பட்டதாரிக்குச் சபை விதித்த ஆகக்குறைந்த தகுதிக்கு வருகிறதா? இரண்டுக்கும் பதிலை ஏஜென்டிடமிருந்து எடுக்காமல் சபையிடமிருந்தே எடுங்கள். இரண்டும் சரியாக இருந்தாலும், திரும்பிவந்து சபையின் தகுதிப் பரீட்சையில் சித்தியடைந்தால்தான் இன்டர்ன்ஷிப். அதன்பிறகு பி.ஜி.ஐ.எம். வாசலில் எல்லாருக்கும் ஒரே பரீட்சைதான்.

இந்த வருடம் மகளுக்கு நான் சொல்வது கொஞ்சம்தான். பௌதிகக் கடந்தகால வினாத்தாள்களை, முக்கியமாகக் கதிர்வீச்சும் சடப்பொருளும் வரும் அலகை, கிழமைக்கு இரண்டு நாளாவது எழுதிப் பழகட்டும். தமிழில் படிக்கும் உயிரியல் பாடத்தை ஆங்கிலத்திலும் நாளுக்கு ஒரு பக்கம் வாசிக்கட்டும். மருத்துவ பீடத்தில் எல்லாம் ஆங்கிலம், எங்கள் பிள்ளைகள் முதல் வருடத்தில் தடுமாறுவது பாடத்தில் இல்லை, மொழியில். சிங்களமும் பேசப் பழகினால் நல்லது, பயிற்சிக் காலத்தில் வார்ட்டில் அது இல்லாமல் முடியாது. ஒன்கொலஜி பற்றி இன்டர்நெட்டில் தேடுவதைப் பரீட்சை முடியும்வரை ஒதுக்கிவைக்கட்டும். பெறுபேறு வந்ததும் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைநூலையும் எடுத்துக்கொண்டு இரண்டு பேருமாக வாருங்கள், பாடநெறி விருப்ப வரிசையை உட்கார்ந்து எழுதுவோம். அவளையும் கட்டாயம் கூட்டிக்கொண்டு வாருங்கள், அந்த வரிசையை அவள் கையால்தான் எழுதவேண்டும்.