அப்பாவின் எரிச்சலுக்கு வயதா காரணம்?

கேள்வி:

என் அப்பாவுக்கு வயது 72. பஸ் ஓட்டுநராக இருந்து ஓய்வு பெற்றவர். அம்மாவும் அவரும் எங்களோடுதான் இருக்கிறார்கள். 15 ஆண்டுகளாகச் சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறார். முழங்கால் தேய்மானத்தால் ஓராண்டாக டீக்கடைப் பக்கம்கூடப் போவதில்லை. பேரப்பிள்ளைகள் சத்தம் போட்டால் எரிந்து விழுகிறார். சாப்பாடு பாதியாகிவிட்டது. விடியும் முன்பே விழித்துக்கொள்கிறார். ‘நான் இருந்து என்ன ஆகப்போகிறது’ என்று அம்மாவிடம் சொன்னாராம். வயதானால் இப்படித்தான் என்கிறார்கள் உறவினர்கள். மனநல மருத்துவர் என்றாலே, ‘என்னைப் பைத்தியம் என்கிறாயா?’ என்று சீறுகிறார். என்ன செய்வது?

– ஒரு மகள், திண்டுக்கல்

பதில்:

அன்புச் சகோதரி,

உறவினர்கள் சொல்வதை ஏற்காதீர்கள். முதியவர்களின் மனச்சோர்வு பல நேரங்களில் அழுகையாக வருவதில்லை. எரிச்சலாக, பசியின்மையாக, தூக்கக் குறைவாகத்தான் வரும்.

அவர் அம்மாவிடம் சொன்னதை முதலில் கவனியுங்கள். ‘செத்துப்போகலாம் என்று தோன்றுகிறதா அப்பா?’ என்று இன்றே நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. ஆமாம் என்றால் தனியாக விடாதீர்கள்; மாத்திரைகளையும் பூச்சிமருந்தையும் எட்டாமல் வையுங்கள்; அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். அரசின் தொலைபேசி மனநல உதவிச் சேவையான டெலி மானஸின் 14416 எண்ணில் எந்நேரமும் தமிழில் பேசலாம்.

அடுத்து உடம்பு. நெடுநாள் மெட்ஃபார்மின் சாப்பிடும் சிலருக்கு வைட்டமின் பி12 குறைகிறது. அது சோர்வையும் மறதியையும் மனவாட்டத்தையும் கொண்டுவரலாம். தைராய்டு குறைந்தாலும் இதே தோற்றம்தான். இரண்டுக்கும் ரத்தப் பரிசோதனை உண்டு. அதற்காக மெட்ஃபார்மினை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். சாப்பாடு குறைந்திருப்பதை மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். வேறு சர்க்கரை மாத்திரைகளும் எடுத்தால் சர்க்கரை அளவு ஆபத்தாக இறங்கக்கூடும்.

எனக்கு அதிகம் உறுத்துவது முழங்கால்தான். ஊரெல்லாம் பஸ் ஓட்டிய மனிதரை வலி ஓராண்டாக வீட்டுக்குள் முடக்கியிருக்கிறது. வலி தூக்கத்தைக் கெடுக்கும். தூங்காத உடம்புக்கு வலி இன்னும் கூடும். மருந்துக்கடையில் வலி மாத்திரை கேட்டு வாங்கித் தராதீர்கள், சிறுநீரகம் பாதிக்கப்படலாம். பிசியோதெரபிஸ்டிடம் தொடைத் தசைக்கான பயிற்சிகளைக் கற்றுக்கொள்ளட்டும். அதுவரை ஆட்டோ வைத்தாவது அந்த டீக்கடைக்கு அனுப்புங்கள். அங்கே அவருடைய ஆட்கள் இருக்கிறார்கள்.

மனநல மருத்துவர் வேண்டாம் என்றால், அவர் நம்பும் சர்க்கரை மருத்துவரிடமிருந்தே தொடங்குங்கள். மனநிலையையும் அங்கே அப்பாவின் முன்னிலையிலேயே சொல்லுங்கள், ஒளித்துப் பேச வேண்டாம். மனநல சிகிச்சை தேவை என்று அந்த மருத்துவரே சொன்னால் அப்பா இசையக்கூடும். 72 வயதிலும் மனச்சோர்வுக்கான சிகிச்சை பலன் தரும். மருந்து வேலை செய்யச் சில வாரங்கள் ஆகும். இடையில் விட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.