பேன்டெராவும் ஏற்காட்டு அறையும்

அன்புள்ள சார்,

போன மாதக் கட்டுரை ஒன்றில் ‘மெட்டல் குழுக்களின் டூர் வீடியோக்களில் பாட்டைவிடப் பாட்டில்தான் அதிகம்’ என்று போகிற போக்கில் எழுதியிருந்தீர்கள். அந்த வரி எனக்கு உறுத்திக்கொண்டே இருக்கிறது. நான் சேலம் அம்மாபேட்டை. நண்பர்கள் நான்கு பேர் சேர்ந்து, மெட்டல் என்கிற கனமான ராக் இசைக்கு ஒரு பேண்ட் வைத்திருக்கிறோம், நான் லீட் கிட்டார். பேன்டெராவின் டூர் வீடியோக்கள்தான் எங்களுக்கு எல்லாமே. சமீபத்தில் ஏற்காட்டில் ஒரு ரிசார்ட்டில் வாசித்தோம். கிளம்பியதிலிருந்து இறங்கியது வரை போனில் எடுத்து, வெட்டி ஒட்டி யூடியூபில் போட்டோம். ராத்திரி அறையில் ஆட்டம் கொஞ்சம் அதிகமாகிக் கண்ணாடி ஒன்று உடைந்தது. பேசிய காசில் அதற்குப் பிடித்துக்கொண்டார்கள். நாங்கள் சொந்தமாகப் போட்ட பாட்டை நூறு பேர்கூடப் பார்க்கவில்லை, கண்ணாடி உடைவதை ஆயிரக்கணக்கில் பார்க்கிறார்கள். அப்பாவும் பார்த்துவிட்டார். அதிலிருந்து என்னோடு பேச்சில்லை.

என் கேள்வி இதுதான். இந்த அட்டகாசமும் அந்த இசையின் ஒரு பகுதிதானே? அது இல்லாமல் மெட்டல் எப்படி வரும்? வீடியோவின் லிங்க் இணைத்திருக்கிறேன்.

ர., சேலம்

அன்புள்ள ர.,

வீடியோவை முழுசாகப் பார்த்தேன். கண்ணாடி உடையும் இடத்தை இரண்டு தடவை. ஏன் என்று பிறகு சொல்கிறேன். அந்த வரியை நான் திரும்ப வாங்கிக்கொள்ளப் போவதில்லை. ஆனால் உங்கள் கேள்வி ஒற்றை வரியில் தீராது.

பேன்டெராவைத் தெரியாத வாசகர்களுக்குச் சுருக்கமாக: அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்துக் குழு. கிட்டாரில் டைம்பேக் டாரெல், டிரம்ஸில் அவருடைய அண்ணன் வின்னி பால், பாடியவர் ஃபில் ஆன்செல்மோ, பேஸ் கிட்டார் ரெக்ஸ் பிரவுன். 1991, 1993, 1997 என்று மூன்று வீடியோ கேசட்டுகள் வெளியிட்டார்கள். 1999-ல் மூன்றும் சேர்ந்து டிவிடியாக வந்தன. பாட்டுக் காட்சிகளும் மேடைக் காட்சிகளும் உண்டு. அவற்றுக்கு நடுவே பஸ், ஹோட்டல் அறை, மேடைக்குப் பின்புறம், வாணவேடிக்கை, உடைப்பு, விஸ்கியில் பேருக்குக் கோலா காட்டிய கலவையை வருகிறவன் போகிறவன் வாயிலெல்லாம் ஊற்றுவது. நானும் சிரித்துத்தான் பார்த்திருக்கிறேன். இப்போது போட்டாலும் சிரிப்பேன்.

ஆனால் கேமரா பல நேரம் யார் கையில் இருக்கிறது என்று கவனித்தீர்களா? டாரெல் கையில். வெளியாள் ஒருவன் ஒளிந்திருந்து எடுத்த படமில்லை அது. கூட்டத்தைச் சிரிக்க வைப்பதில் கெட்டிக்காரனான ஒருவன் தானே ஆட்டத்தைக் கிளப்பி, தானே அதை எடுத்தான். எதைக் கேசட்டில் போடுவது, எதை விடுவது என்பதும் அவர்கள் வீட்டுக்குள்ளேயே முடிவானது. மேடையில் இரண்டு மணி நேரம் செய்ததையே மேடைக்குப் பின்னாலும் வேறு மாதிரி செய்தார்கள் என்றுதான் எனக்குத் தோன்றும்.

விட்டுப்போனவை என்னென்ன? டாரெலின் அப்பா ‘கன்ட்ரி’ என்கிற அமெரிக்கக் கிராமிய இசைப் பாடல்கள் எழுதியவர், தயாரித்தவர். ஸ்டுடியோவிலேயே பழகி வளர்ந்த பையன். பதின்வயதிலேயே உள்ளூர் கிட்டார் போட்டிகளில் தொடர்ந்து ஜெயித்ததால், இனிமேல் நீ போட்டியில் கலந்துகொள்ளாதே என்று சொல்லிவிட்டார்கள். மெகாடெத் குழுவின் டேவ் மஸ்டெய்ன் கூப்பிட்டபோது, அண்ணனையும் சேர்த்துக்கொண்டால் வருகிறேன் என்றார். அங்கே டிரம்ஸுக்கு ஏற்கனவே ஆள் இருந்ததால் போகவில்லை. 1994-ல் இவர்களுடைய ஆல்பம் அமெரிக்காவின் விற்பனை வரிசையான பில்போர்டு பட்டியலில் முதலிடத்துக்கே வந்தது. அவ்வளவு கனமான இசை அந்த இடத்துக்குப் போவது லேசில் நடக்கிற காரியமில்லை. அதற்குப் பின்னால் ஒரே ரிஃப்பை, அதாவது ஒரு சின்ன கிட்டார் துணுக்கை, மணிக்கணக்காகத் திரும்பத் திரும்ப வாசித்த ராத்திரிகள் இருக்கும். அதை எடுத்துப் போட்டால் யார் உட்கார்ந்து பார்ப்பார்கள்?

இன்னொன்று. 1996 ஜூலை 13-ம் தேதி, டாலஸில் கச்சேரி முடிந்ததும் ஆன்செல்மோ ஹெராயின் அளவு மீறிப்போய், சில நிமிடம் இதயத்துடிப்பு நின்று, பிழைத்து எழுந்தார். தீராத முதுகுவலிக்கு அவர் பிடித்துக்கொண்ட மருந்து அது. அதே வருடம் வந்த ஆல்பத்துக்கு மற்ற மூவரும் டெக்சாஸில் வாசித்தார்கள், அவர் தனியாக நியூ ஆர்லியன்ஸில் பாடிக்கொடுத்தார். மூன்றாவது கேசட் வந்தது அதற்கடுத்த வருடம். தோளில் கை போட்டு ஆடுகிற அந்த நால்வரைப் பார்க்கும்போது இந்தத் தேதிகளையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். 2003-ல் குழு உடைந்தது. 2004 டிசம்பர் 8, ஒஹாயோ மாநிலம் கொலம்பஸில், வேறொரு குழுவோடு வாசித்துக்கொண்டிருந்த டாரெலை மேடையிலேயே ஒருவன் சுட்டுக் கொன்றான். வயது 38. அதற்கப்புறம் அந்தக் கேசட்டுகளைப் பார்க்கிறவர்கள் கும்மாளத்துக்காக மட்டும் பார்ப்பதில்லை. அவர் முகத்தைப் பார்க்கப் போகிறார்கள்.

சரி, அந்த அட்டகாசம் எங்கிருந்துதான் வருகிறது? என் அனுபவத்தில் அது காத்துக்கிடப்பதிலிருந்து வருகிறது. எண்பதுகளின் கடைசியில் நான் ஒரு லைட் மியூசிக் குழுவோடு ஒயர் சுற்றும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். ஆடி மாதம் வந்தால் ஆத்தூர், ராசிபுரம், தாரமங்கலம் என்று வேனிலேயே குடித்தனம். விடியற்காலம் கச்சேரி முடிந்துவிடும். அட்வான்ஸ் போக மிச்சப் பணத்துக்குக் கமிட்டிக்காரர் தூங்கி எழுந்து வரவேண்டும். ஒன்பது மணி ஆகும், பத்து ஆகும். பசி, தூக்கம், கொசு. அந்த நேரத்தில்தான் சீட்டுக்கட்டு வரும், பாட்டில் வரும், தூங்குகிற பாடகரின் வேட்டி முனையை ஸ்பீக்கர் பெட்டிக் கைப்பிடியில் கட்டிவைக்கும் யோசனை வரும். ஒரு நாள் எழுந்த வேகத்தில் அவர் குப்புற விழுந்து முன்பல் பாதி போனது. கட்டியவனும் சேர்ந்துதான் பல்லைத் தேடினான். பாட்டுக்கும் அந்த முடிச்சுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. பணம் சீக்கிரம் வந்திருந்தால் பல் தப்பித்திருக்கும்.

பெரிய குழுக்களிலும் கதை இதேதான், அளவுதான் வேறு. 1982 மார்ச் 19. மெட்டல் பாடகர் ஓஸி ஆஸ்போர்னின் குழு பஸ்ஸில் இரவெல்லாம் வந்து, ஃப்ளோரிடாவில் லீஸ்பர்க் என்ற ஊரில் ஏசி ரிப்பேருக்காக நின்றது. பக்கத்திலேயே சின்ன விமானத் தளம். பஸ் டிரைவருக்கு விமானம் ஓட்டத் தெரியும். நின்றிருந்த ஒரு குட்டி விமானத்தைக் கேட்காமல் எடுத்து, குழுவில் சிலரை ஏற்றிக்கொண்டு, மற்றவர்கள் தூங்குகிற பஸ்ஸுக்கு மேலே தாழப் பறந்து விளையாட்டுக் காட்டினார். இறக்கை பஸ்ஸில் உரசி, விமானம் பக்கத்து வீட்டில் மோதி எரிந்தது. டிரைவரோடு உடை, ஒப்பனை பார்த்துக்கொண்ட பெண்மணியும், கிட்டாரிஸ்ட் ராண்டி ரோட்ஸும் போய்விட்டார்கள். ரோட்ஸுக்கு 25 வயது. விமானத்தில் ஏறவே பயப்படுகிறவர் என்பார்கள். ஏசி ரிப்பேர் ஆகும்வரை பொழுது போகவில்லை, அவ்வளவுதான்.

சும்மா கிடக்கிற நேரத்து விளையாட்டுக்கு கேமரா ஒரு வேலை கொடுத்துவிட்டது. இதற்காகத்தான் உங்கள் கண்ணாடியை இரண்டாம் தடவை பார்த்தேன். உங்கள் டிரம்மர் காலைத் தூக்குவதற்கு முன்னால் ஒரு நொடி போனைப் பார்க்கிறார். ஓடுகிறதா என்று கண்ணாலேயே கேட்கிறார். ‘ம்’ என்று நீங்கள் சொல்வது மெல்லக் கேட்கிறது. அப்புறம்தான் உதை. ஆட்டம் அதிகமாகி உடைந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அப்படித் தெரியவில்லை. யாரும் எடுக்காமல் இருந்திருந்தால் அந்தக் கண்ணாடியில் இந்நேரம் வேறு யாரோ தலை சீவிக்கொண்டிருப்பார்கள்.

வெளியாள் கையில் கேமரா இருந்தால் மட்டும் எல்லாம் உண்மையாகிவிடுமா என்றால், அதுவும் இல்லை. பெனலோப்பி ஸ்ஃபீரிஸ் 1988-ல் லாஸ் ஏஞ்சலஸ் மெட்டல் ஆட்களைப் பற்றி ஒரு ஆவணப்படம் எடுத்தார். அதில் ஓஸி சமையலறையில் நின்று கை நடுங்கி ஆரஞ்சு ஜூஸைக் கோப்பைக்கு வெளியே ஊற்றுவார். குடியால் இந்தக் கதி என்று ஊரே பேசியது. அந்த ஜூஸ் சிந்துவது செட்டப் என்று பின்னாளில் இயக்குநரே சொல்லிவிட்டார். ஆனால் அதே படத்தில் வேறொரு காட்சி இருக்கிறது. வாஸ்ப் குழுவின் கிட்டாரிஸ்ட் கிரிஸ் ஹோம்ஸ் நீச்சல் குளத்தில் மிதவை நாற்காலியில் கிடந்தபடி, பேட்டி கொடுத்துக்கொண்டே வோட்காவை வாயிலும் தலையிலும் கவிழ்த்துக்கொள்கிறார். குளத்தின் கரையில் ஒரு அம்மா நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். அவரைப் பெற்றவர். கேமரா அவ்வப்போது அந்த அம்மா பக்கம் திரும்புகிறது. திட்டவில்லை, அழவில்லை, சும்மா உட்கார்ந்திருக்கிறார். அந்தக் காட்சியைப் பார்த்த எவனும் பாட்டிலை நினைவில் வைத்திருக்கமாட்டான். உங்கள் அப்பா பேசாமல் இருப்பதைப் பற்றி நான் எதுவும் சொல்வதற்கில்லை. நீங்கள்தான் போய்ப் பேசவேண்டும்.

உங்கள் வீடியோவிலும் அப்படி ஒருவர் வந்துபோகிறார். கண்ணாடி உடைந்தபிறகு ரூம் பாய் துடைப்பமும் முறமும் எடுத்துக்கொண்டு உள்ளே வருகிறார். ‘அண்ணா, ஒரு போஸ் குடுங்க’ என்று யாரோ கத்துகிறீர்கள். அவர் நிமிரவே இல்லை. முதலில் காலில் இருந்த செருப்பைப் பார்த்துக்கொள்கிறார், பிறகு கட்டிலுக்கு அடியில் குனிகிறார். மூன்று நொடிதான், அதற்குள் வெட்டிவிட்டீர்கள். பேன்டெரா கேசட்டுகளிலும் பெருக்க வந்தவர்களைப் பார்த்த ஞாபகம் எனக்கு இல்லை.

மெட்டல் டூர் என்றாலே உடைப்பும் குடியும்தான் என்றால் இங்கிலாந்து மெட்டல் குழுவான அயர்ன் மெய்டனை எங்கே வைப்பீர்கள்? 2007 மார்ச் 17-ம் தேதி அவர்கள் பெங்களூர் பேலஸ் கிரவுண்டில் வாசித்தபோது நம் ஊர் பஸ் ஸ்டாண்டிலேயே அவர்களுடைய சின்னமான எடி என்ற பேய் உருவத்தின் படம் போட்ட கறுப்பு டி-ஷர்ட் பையன்களைப் பார்க்க முடிந்தது. அதற்கடுத்த வருடம் மும்பையில் தொடங்கிய அவர்களுடைய உலகச் சுற்றுப்பயணத்தை எடுத்து 2009-ல் ‘ஃப்ளைட் 666’ என்று வெளியிட்டார்கள். பாடகர் புரூஸ் டிக்கின்சனே போயிங் 757 விமானத்தை ஓட்டிக்கொண்டு போகிறார். ஓய்வு கிடைத்தால் ஒருத்தர் கோல்ஃப், ஒருத்தர் டென்னிஸ். ஓய்வுபெற்ற தாசில்தார்களின் சுற்றுலா மாதிரி இருக்கும். அதிலும் கொலம்பியாவில் ஒரு ரசிகன் மேடையிலிருந்து வந்த டிரம் ஸ்டிக்கைப் பிடித்துக்கொண்டு, பேச்சே வராமல் கண்ணீர் விட்டு நிற்பான். பேன்டெராவின் மூன்று கேசட்டுகளையும் சேர்த்துப் பார்த்தாலும் அதற்கு ஈடான ஒன்று எனக்குக் கிடைக்கவில்லை. இதை நீங்கள் ஒப்புக்கொள்ளமாட்டீர்கள். பரவாயில்லை.

ஆக, உங்கள் கேள்விக்கு என் பதில்: இல்லை. ஆனால் டூர் வீடியோ எடுக்காதீர்கள் என்று சொல்லமாட்டேன். உங்கள் வீடியோவில் நல்ல பகுதிகள் இருக்கின்றன, நீங்களே அவற்றை மதிக்கவில்லை. அடிவாரத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவும் ஆம்னி வேனில் ஏறுகிறீர்கள். பேஸ் டிரம்மை மடியில் வைத்துக்கொண்டு ஒருவர், அதன்மேல் தலை சாய்த்து வாந்தியை அடக்கிக்கொண்டு இன்னொருவர். ஒவ்வொரு வளைவிலும் பின்னால் சிம்பல்கள் சரிந்து ஜல்லென்று விழுகின்றன, யாரோ அதையே தாளமாக்கிக் கத்துகிறார்கள். அந்த இடத்தில் வாய்விட்டுச் சிரித்தேன். அப்புறம் கச்சேரி நடுவில் ரிசார்ட் மேனேஜர் மேடைக்கு வந்து, மூன்றாம் டேபிளில் குழந்தைக்குப் பிறந்தநாள், ஒரு ஹாப்பி பர்த்டே வாசித்துவிடுங்கள் தம்பி என்கிறார். நீங்கள் நால்வரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிறீர்கள். கிட்டாரைக் கரகரக்க வைக்கும் டிஸ்டார்ஷனைக்கூட அணைக்காமல் வாசிக்கத் தொடங்குகிறீர்கள். அங்கே சட்டென்று வெட்டிவிட்டீர்களே! குழந்தை அழுததா, ஆடியதா? முழுசாக இருந்தால் போடுங்கள். டெக்சாஸ்காரர்களிடம் அது கிடையாது.

கடைசியாக ஒலி. பாட்டை நூறு பேர்கூடப் பார்க்கவில்லை என்கிறீர்கள். காது கொடுத்துக் கேட்கிற மாதிரி இல்லையே. போன் மைக் பேச்சுக்காகச் செய்தது. சத்தம் கூடினால் தானாகவே அளவைக் குறைத்துக்கொள்ளும். அதனால்தான் பேஸ் டிரம்மின் ஒவ்வொரு அடிக்கும் கிட்டார் அமுங்கி அமுங்கி எழுகிறது. மிக்சரிலிருந்து மட்டும் எடுத்தாலும் பிரயோஜனமில்லை. அவ்வளவு சின்ன இடத்தில் மிக்சருக்குள் குரல்தான் போயிருக்கும், டிரம்ஸும் ஆம்பும் நேரடியாகக் கேட்பவை. தனியாக ஒரு ரெக்கார்டரை ஹாலின் நடுவில், ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே ஸ்டாண்டில் வையுங்கள். ஆட்டோ லெவலை அணைத்துவிட்டு, சவுண்ட் செக்கில் அதிகச் சத்தம் வருகிற இடத்தை வாசிக்கச் சொல்லி, சிவப்பு விளக்கு எரியாத அளவுக்குக் குறைத்துக்கொள்ளுங்கள். ஆரம்பிக்கும்முன் டிரம்மர் போனுக்கு முன்னால் நின்று ஸ்டிக்கை ஒரே ஒரு தடவை தட்டட்டும். படத்தையும் ஒலியையும் அந்தத் தட்டலில் பொருத்திக்கொள்ளலாம். அடுத்த கச்சேரி எங்கே என்று எழுதுங்கள். என்னிடம் ஒரு ரெக்கார்டர் சும்மாதான் கிடக்கிறது, வந்து வாங்கிக்கொள்ளலாம்.