துபாயில் கம்பனி திறக்கப் போகிறேன் என்கிற மகன்: ஹட்டனிலிருந்து கேட்ட ஓர் அம்மாவுக்கு

அன்புள்ள அம்மா,

மகன் வர்த்தகப் பிரிவில் உயர்தரம் எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்காகக் காத்திருக்கிறான். அதற்குள் ஒருவர் வந்து, "துபாயில் உன் பெயரிலேயே கம்பனி பதிந்து தருகிறேன், முதலீட்டாளர் விசாவும் கிடைக்கும்" என்று சொல்லியிருக்கிறார். அப்பாவின் சேமலாப நிதிக் காசையும் உங்கள் நகையையும் வைத்துக் கட்டிவிடலாமா என்று கேட்கிறீர்கள். வேண்டாம் அம்மா. இப்போதைக்கு ஒரு ரூபாயும் கட்ட வேண்டாம். அந்தத் தம்பியையும் பக்கத்தில் உட்கார வைத்து இதை வாசியுங்கள். அவன் ஆசையில் பிழை ஒன்றும் இல்லை, வழிதான் சரியில்லை.

கம்பனி பதிவது இன்று பெரிய காரியமே இல்லை. சிங்கப்பூரில் 1 டொலர் மூலதனத்தோடுகூடப் பதியலாம். பிரித்தானியாவில் பணிப்பாளர் அந்த நாட்டில் வசிக்க வேண்டும் என்றுகூடக் கட்டாயம் இல்லை. ஆனால் இந்த இரண்டு நாட்டிலும் கம்பனி இருப்பதால் மட்டும் போய் வசிக்கும் உரிமை வந்துவிடாது. செலவெல்லாம் பதிவுக்குப் பிறகுதான் தொடங்கும். சிங்கப்பூர்க் கம்பனிக்கு அங்கேயே வசிக்கும் பணிப்பாளர் ஒருவராவது வேண்டும், 6 மாதத்துக்குள், சட்டப் பதிவுகளைப் பார்த்துக்கொள்ளும் கம்பனிச் செயலாளரையும் நியமிக்க வேண்டும். அங்கே சொந்த ஆள் இல்லாதவர்கள் வருடா வருடம் காசு கொடுத்து ஒருவரைப் பிடிக்கிறார்கள். துபாயில் அனுமதிப்பத்திரத்தைப் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும். 2023 ஜூன் முதல் தொடங்கும் நிதியாண்டுகளுக்கு அங்கே கம்பனி வரியும் வந்துவிட்டது: 375,000 திர்ஹாமுக்கு மேல் போகும் லாபத்துக்கு 9 சதவீதம். லாபம் அந்த அளவுக்கு வராவிட்டாலும் வரிக்குப் பதிய வேண்டும், கணக்குக் காட்ட வேண்டும்.

ஆகவே அந்த ஆளிடம் தம்பி ஒன்றைக் கேட்கட்டும்: இந்தக் கம்பனி முதல் மாதம் யாருக்கு எதை விற்கும்? இதற்கு நேரான பதில் வரவில்லையென்றால் அது தொழில் இல்லை, வருடாந்தச் செலவு. அனுமதிப்பத்திரத்தில் என்ன தொழில் என்று எழுதியிருக்கும், வங்கிக் கணக்கில் யார் கையெழுத்து, வேறு பங்குதாரர் யார், அடுத்த வருடம் எவ்வளவு கட்ட வேண்டும் என்பதையெல்லாம் எழுத்தில் வாங்கச் சொல்லுங்கள். பணிப்பாளர் என்று கையெழுத்து வைத்தவன், அந்தக் கம்பனியின் பெயரில் நடப்பதற்குப் பதில் சொல்ல வேண்டியவன் ஆகிறான். இருபது வயதுகூட ஆகாத பிள்ளை, முன்பின் தெரியாதவர்களோடு சேர்ந்து அந்தக் கையெழுத்தை வைக்கக் கூடாது.

காசு போகும் வழியையும் பாருங்கள். இலங்கையில் வசிப்பவர் வெளிநாட்டுக் கம்பனியில் முதலிடுவதை 2017 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்க வெளிநாட்டுச் செலாவணிச் சட்டம் ஒழுங்குபடுத்துகிறது. வங்கியில் அதற்கென்றே உள்ள வெளிமுக முதலீட்டுக் கணக்கின் ஊடாகத்தான் பணம் போக வேண்டும். எவ்வளவு அனுப்பலாம் என்ற எல்லை அவ்வப்போது மாறும், அதை வங்கியில் கேட்டாலே சொல்வார்கள். "ரூபாயை இங்கே கையில் கொடுங்கள், அங்கே நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று அவர் சொன்னால் அது உண்டியல், வங்கிக்கு வெளியே சட்டவிரோதமாகக் காசு அனுப்பும் வழி. மாட்டிக்கொள்வது நீங்கள்தான்.

சரி, நாடு கடந்து முதலிடும் இந்தத் துறையில் தம்பிக்கு எதிர்காலமே இல்லையா? நிறைய இருக்கிறது. மனதார இதைச் சொல்கிறேன்.

அந்நிய நேரடி முதலீடு மலையகத்துக்குப் புதிது இல்லை. நம் பாட்டன் பாட்டி கொழுந்தெடுத்த தோட்டங்களில் பல, இலண்டனில் பதிவான ஸ்டெர்லிங் கம்பனிகளுடையவை. 1975 இல் அரசுடைமையாகும் வரை அப்படித்தான். முதலாளி அங்கே இருந்தார், உழைப்பு இங்கே இருந்தது. நடுவில் கொழும்பு ஏஜென்சி நிறுவனங்கள் கணக்கையும் கப்பலேற்றுவதையும் பார்த்துக்கொண்டன. அந்த நடு மேசைக்கு நம் பிள்ளைகள் போய்ச் சேரவில்லை. இன்று அந்த மேசைக்குப் படித்துப் போகலாம்.

வெளிநாட்டவர் ஒருவர் இன்னொரு நாட்டு நிறுவனத்தில் 10 சதவீதமோ அதற்கு மேலோ வாக்குரிமைப் பங்கு வைத்தால் அதை நேரடி முதலீடு என்று கணக்கிடுவார்கள். அப்படி ஒரு கம்பனி இலங்கைக்கு வந்தால் முதல் நாளே அதற்கு ஆட்கள் வேண்டும். 2007 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டப்படி பதிவு செய்ய, கம்பனிச் செயலாளராக இருக்க, வெளிநாட்டு முதலீட்டைக் கவனிக்கும் அரசின் முதலீட்டுச் சபையோடு ஒப்பந்தம் பேச, சுங்கப் பத்திரம் போட, இரண்டு நாட்டு வரியையும் ஒப்பிட்டுப் பார்க்க ஆட்கள் வேண்டும். 1978 இல் கட்டுநாயக்கவில் முதல் சுதந்திர வர்த்தக வலயம் தொடங்கியது. இன்று கண்டிக்குப் பக்கத்தில் பல்லேகலையிலேயே முதலீட்டுச் சபையின் தொழிற்பேட்டை இருக்கிறது. நம் நாட்டுக் கம்பனிகள் வெளியே போன எதிர்ப்பக்கமும் பாருங்கள்: பிராண்டிக்ஸ் இந்தியாவின் விசாகப்பட்டினத்துக்கு அருகே ஆடைத் தொழில் நகரமே அமைத்தது, ஜோன் கீல்ஸும் எய்ட்கன் ஸ்பென்ஸும் மாலைதீவில் ஹோட்டல் நடத்துகின்றன. இவர்கள் எல்லாரும் உள்ளூரில் தொழிலை ஊன்றிவிட்டுத்தான் வெளியே போனார்கள்.

அதனால் தம்பிக்கு என் யோசனை இது. பெறுபேறு வரும்வரை சும்மா இருக்காமல் ஏ.ஏ.டி. என்கிற அடிப்படைக் கணக்கியல் படிப்பைத் தொடங்கட்டும், அதைத் தமிழிலேயே எழுதலாம். அதிலிருந்து பட்டயக் கணக்காளர் படிப்புக்கோ, சீமா என்கிற முகாமைக் கணக்கியல் படிப்புக்கோ போகலாம், கம்பனிச் செயலாளர் துறைக்கும் திரும்பலாம். பல்கலைக்கழகம் கிடைத்தால் அதை விட்டுவிட வேண்டாம். ஆங்கிலத்தில் ஓர் ஒப்பந்தத்தை வரி வரியாக வாசித்து விளங்கிக்கொள்ளும் அளவுக்குப் பழக வேண்டும், பேச்சு ஆங்கிலம் மட்டும் போதாது. சிங்களமும் கைவசம் இருந்தால் கொழும்பில் அவனுக்குப் பெரிய பலம். சென்னையோடு தொழில் செய்யும் நிறுவனத்துக்கு அவன் தமிழே ஒரு தகுதி.

உண்மையிலேயே விற்க ஏதாவது அவன் கையில் இருந்தால், தேயிலையோ மென்பொருளோ எதுவானாலும், பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயர் பதிந்து இங்கிருந்தே தொடங்கட்டும். வாடிக்கையாளர் சேர்ந்த பிறகு கம்பனியாக்கலாம், நம் சட்டத்தில் ஒரே ஒரு பங்குதாரர் இருந்தாலும் போதும். அந்த நாட்டில் கம்பனி இருந்தால்தான் வாங்குவேன் என்று வெளிநாட்டு வாடிக்கையாளர் கேட்கும் நாளில் வெளியே பதிவதைப் பற்றி யோசிப்போம்.

இந்தக் கிழமை செய்ய வேண்டியது: தம்பியின் கடவுச்சீட்டை அந்த ஆளிடம் கொடுத்திருந்தால் உடனே திருப்பி வாங்குங்கள். அவர் தந்த தாள்கள் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு, உங்கள் கணக்கு இருக்கும் வங்கிக் கிளைக்கு இரண்டு பேரும் போய் வெளிநாட்டுக் கொடுப்பனவு பார்க்கும் அலுவலரிடம் காட்டுங்கள். அப்புறம் எனக்கு எழுதுங்கள், ஏ.ஏ.டி. வகுப்பு விவரத்தோடு தம்பியிடம் நானே பேசுகிறேன்.