சபிட்டேனியஸ்: முட்டையில் என்ன திடீர்?

அன்புள்ள ஐயா,

கடல் உயிரியல் படிக்கிறேன். கோபிபாட் என்ற பொடி உயிரிகளைப் பற்றிய பாடத்தில் 'சபிட்டேனியஸ் முட்டை' என்று வருகிறது. அகராதியில் தேடினால் 'திடீரென்ற' என்று பொருள் போட்டிருக்கிறது. அதற்கு 'சடன்' போதாதா? முட்டையில் என்ன திடீர்?

ஒரு மாணவி

அன்புள்ள நண்பருக்கு,

இரண்டும் ஒரே வேரில் பிறந்தவை. லத்தீனில் 'சுபிரே' என்றால் கீழிருந்து வருவது, ஓசைப்படாமல் நெருங்குவது. அதிலிருந்து 'சுபிதானேயுஸ்'. பிரெஞ்சுக்காரர் வாயில் தேய்ந்து ஆங்கிலத்துக்கு வந்தது 'சடன்'. 17ஆம் நூற்றாண்டில் படித்தவர்கள் லத்தீனிலிருந்து நேராக எடுத்துக்கொண்டது 'சபிட்டேனியஸ்'. பேச்சில் அது ஒட்டவே இல்லை.

திடீர் என்றதும் நமக்கு அதிர்ச்சிதான் நினைவுக்கு வருகிறது. ஆனால் இந்தச் சொல்லின் உயிர், இடையில் அவகாசமே இல்லாததில் இருக்கிறது என்பேன். கத்தோலிக்கரின் பழைய லத்தீன் மன்றாட்டு மாலையில், 'சுபிதானேயா' மரணத்திலிருந்து எங்களைக் காத்தருளும் என்று ஒரு வேண்டுதல் உண்டு. தூக்கத்திலேயே உயிர் போனால் இன்று நல்ல சாவு என்கிறோம். அன்று அதுதான் பெரும் பயம். பாவங்களைக் குருவிடம் சொல்லி மன்னிப்புப் பெறும் பாவசங்கீர்த்தனத்துக்கு நேரமில்லாமல் போய்விடுமே! ஆங்கிலத் திருச்சபையின் மன்றாட்டிலும் திடீர் மரணம் உண்டு. 1661இல், அந்தச் சபையின் ஜெப நூலைத் திருத்துவது பற்றிப் பேசக் கூடிய லண்டன் சவோய் மாநாட்டில், அதைத் 'திடீரென்றும் ஆயத்தமின்றியும் சாவது' என்று மாற்றும்படி பிரெஸ்பிட்டேரியன்கள் என்ற சீர்திருத்தக் கிறிஸ்தவப் பிரிவினர் கேட்டார்கள். ஆயர்கள் மறுத்தார்கள். ஆயத்தமில்லாமல் போய்விடக் கூடாது என்றுதானே திடீர் மரணம் வேண்டாம் என்கிறோம் என்பது அவர்கள் வாதம். ஒரு சொல்லை இவ்வளவு கருத்தாகப் பார்த்திருக்கிறார்கள் என்பது எனக்குப் பெரிய சந்தோஷம்.

சரி, உங்கள் முட்டைக்கு வருவோம். கோபிபாட்களில் பல இனங்கள் இரண்டு வகை முட்டை இடும். ஒன்று தாமதிக்காமல் வளர்ந்து பொரிந்துவிடும், அதுதான் சபிட்டேனியஸ். மற்றது சேற்றில் உறங்கிக் கிடக்கும். அமெரிக்காவின் ரோட் ஐலண்டில், 300 ஆண்டுக்கு மேல் கிடந்த முட்டையும் உயிரோடு இருந்ததை 1995இல் ஓர் ஆய்வு காட்டியது. அந்த உறக்கத்துக்கு எதிர்ச்சொல்லாகத்தான் இது தேவைப்படுகிறது. 'சடன்' என்று போட்டால் முட்டை பட்டென்று வெடித்த மாதிரி ஆகிவிடும்.

இதே வேரில் 1949இல் உளவியலாளர்கள் 'சபிடைஸ்' என்றொரு வினையை உண்டாக்கினார்கள். தரையில் கிடக்கும் மூன்று புளியங்கொட்டையை எண்ணாமலே மூன்று என்று அறிகிறோமே, அது. அங்கேயும் இடையில் அவகாசம் இல்லை.

அப்புறம், தமிழில் குறிப்பு எழுதினால் 'திடீர் முட்டை' வேண்டாம். 'உடன்பொரி முட்டை' என்று எழுதிப் பாருங்கள்.