மூன்று ஓட்டை சாக்கெட்டில் 240 வோல்ட் கொடுத்துவிடாதீர்கள்

தம்பி, உங்கள் கேள்வியைக் காரிமங்கலத்தில் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து படித்தேன். லீவுக்கு வந்திருக்கிறேன். நீங்கள் காவேரிப்பட்டணத்திலிருந்து டெக்சாஸ் மிட்லாண்டுக்குப் போய் ஒரு மாதம் ஆகிறது. வாடகை கட்டுப்படியாகாமல், வண்டியில் கட்டி இழுத்துப்போகிற சக்கர வீடான பழைய டிரெய்லர் ஒன்றை வாங்கித் தெரிந்தவர் வீட்டுக் கொல்லையில் நிறுத்தியிருக்கிறீர்கள். அவர் கராஜிலிருந்து லைன் இழுத்து ஏசி போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே லைசென்ஸ், கிரெடிட் ஸ்கோர், மளிகைக் கடை, பிள்ளையின் பள்ளிக்கூடம் என்று இன்னும் நாலு கேள்வி. அந்த நாலும் ஆறு மாதத்தில் பழகிவிடும், சொல்லித்தரவும் ஆள் நிறைய உண்டு. கரண்டைப் பற்றி மட்டும் நான் சொல்கிறேன். நீங்கள் இப்போது நிற்கிற இடத்தில்தான் 2012-ல் நானும் நின்றேன்.

எண்ணெய் வயல் வேலை பெருகி, மிட்லாண்டிலும் ஒடெஸாவிலும் வீடே கிடைக்காத நேரம் அது. நானும் டிரெய்லர்தான் வாங்கினேன். கரண்டு வேலை தெரிந்த நம் பக்கத்துக்காரர் ஒருவர், “போர் மோட்டாருக்கே ஸ்டார்ட்டர் கட்டினவன் நான், இது எம்மாத்திரம்” என்று சொல்லி, 30 ஆம்ப் சாக்கெட் ஒன்று வாங்கி வந்து மாட்டிக்கொடுத்தார். பிளக்கைச் செருகினேன். மைக்ரோவேவில் எண்கள் ஒருமுறை மின்னி அணைந்தன. சாப்பாட்டு மேசை பெஞ்சுக்கு அடியிலிருந்து ‘டப்’ என்று ஒரு சத்தம், அப்புறம் நூல் மாதிரி மெல்லிய புகை. வந்த வாடை எனக்குப் பழகிய வாடை. அப்பாவின் மோட்டார் காயில் எரியும்போது ஷெட்டுக்குள் நிற்குமே, அதே வார்னிஷ் வாடை. ஒரே நிமிடத்தில் பேட்டரிக்குக் கரண்டு மாற்றித் தருகிற கன்வெர்ட்டர், மைக்ரோவேவ், ஃபிரிட்ஜ் போர்டு மூன்றும் போய்விட்டன.

நடந்தது இதுதான். நம் ஊரில் ஒரு பேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே 230 வோல்ட். அங்கே வீட்டுக்குள் இரண்டு பேஸ் ஒயர் வருகிறது. எதை எடுத்தாலும் நியூட்ரலுக்கு 120, இரண்டுக்கும் நடுவே 240. துணி உலர்த்தும் மெஷினுக்கு 30 ஆம்ப், 240. டிரெய்லருக்கும் 30 ஆம்ப்தான், ஆனால் அது 120. பழைய டிரையர் சாக்கெட்டுக்கும் மூன்று ஓட்டை, டிரெய்லர் சாக்கெட்டுக்கும் மூன்று ஓட்டை. அதனால் 30 ஆம்ப் என்றதுமே இரண்டு பேஸையும் எடுக்கிற இரட்டை பிரேக்கர் போட்டு 240 கொடுத்துவிடுகிறார்கள். அந்த ஊரிலேயே லைசென்ஸ் வைத்திருக்கிற எலக்ட்ரீஷியன்கள்கூட இதில் தவறியிருக்கிறார்கள். அதனால் யார் மாட்டிக்கொடுத்தாலும் மல்டிமீட்டர் வைத்துப் பார்க்காமல் பிளக்கைச் செருகாதீர்கள். தட்டையான இரண்டு ஓட்டைக்கும் நடுவே 120-ஐ ஒட்டி வர வேண்டும். பேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே அதே அளவு. நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே கிட்டத்தட்ட பூஜ்யம். நம் ஊர் ஸ்க்ரூடிரைவர் டெஸ்டர் 120-க்கும் எரியும், 240-க்கும் எரியும், அதை நம்பாதீர்கள். நாலு முள் வைத்த 50 ஆம்ப் பிளக் வேறு சாதி. அதற்கு 240 லைன்தான், ஆனால் டிரெய்லருக்குள் அது இரண்டு 120-ஆகப் பிரிகிறது. உங்களுடையது பழைய சின்ன வண்டி என்கிறீர்கள், பெரும்பாலும் 30-ஆகத்தான் இருக்கும்.

இனி கராஜ் சாக்கெட். அது 15 ஆம்ப் அல்லது 20 ஆம்ப். அடாப்டர் போட்டால் டிரெய்லர் பிளக் அதில் உட்காரும், ஆனால் சாக்கெட்டுக்குக் கூடுதல் பலம் வந்துவிடாது. 15 ஆம்ப் லைனில் மணிக்கணக்கில் ஓட்டுகிற லோடு 12 ஆம்புக்குள், அதாவது 1440 வாட்டுக்குள் இருக்க வேண்டும். விளக்கு, பேட்டரி சார்ஜ், கேஸில் ஓடும் ஃபிரிட்ஜ் எல்லாம் தாராளமாக ஓடும். கூரை ஏசி ஒன்றே அந்த 12 ஆம்பை விழுங்கும், ஸ்டார்ட் ஆகும்போது அதற்கு மேலும் இழுக்கும். கராஜ் லைனில் வீட்டுக்காரரின் ஃபிரீஸரும் சேர்ந்திருந்தால் கேட்கவே வேண்டாம். ஆகவே ஏசி வேண்டுமென்றால் தனி 30 ஆம்ப் லைன் போடுங்கள். அதற்கு லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியன், ஊர் அலுவலகத்தின் பர்மிட் இரண்டும் வேண்டும். அங்கே போகும்போதே கொல்லையில் நிறுத்திய டிரெய்லரில் குடியிருக்க அனுமதி உண்டா என்றும் கேட்டுவிடுங்கள், பல ஊர்களில் கிடையாது.

ஒயர் விஷயத்தில் நம் ஆட்கள் ஏமாறுகிற இடம் ஒன்று உண்டு. போர் மோட்டாருக்கு நாம் 2.5, 4, 6 ஸ்கொயர் எம்எம் என்று கேட்டு வாங்கிப் பழகியவர்கள். எண் ஏற ஏற ஒயர் தடிமன். அங்கே கேஜ் கணக்கு தலைகீழ்: 16 மெல்லிசு, 10 தடிமன். 30 ஆம்புக்கு 10 கேஜ் வேண்டும். கடையில் மலிவாகத் தொங்கும் ஆரஞ்சு கேபிள் பெரும்பாலும் 16 கேஜ், தோட்டத்து விளக்குக்கு ஆகும். மீதிக் கேபிளைச் சுருட்டிப் போட்டு மேலே மிதியடியை விரித்துவிடாதீர்கள், சுருளுக்குள் சூடு வெளியேறாமல் உருகும். ஓடும்போது பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடு என்றால் உடனே நிறுத்துங்கள்.

மெல்லிசு ஒயரில் வோல்ட்டேஜும் இறங்கும். லோ வோல்ட்டேஜ் என்ன செய்யும் என்று தருமபுரி, கிருஷ்ணகிரிக்காரனுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ராத்திரி மூன்று பேஸ் வரும் முறைக்காக அப்பா ஸ்டார்ட்டர் பெட்டிக்குப் பக்கத்தில் கயிற்றுக் கட்டிலைப் போட்டுப் படுத்திருப்பார். வோல்ட்டேஜ் இல்லாத அன்றைக்கு மோட்டார் உறுமும், தண்ணீர் ஏறாது. அந்த உறுமல் கேட்டதும் தூக்கத்திலேயே எழுந்து சுவிட்சைத் தட்டுவார். அசந்துவிட்டால் காயில் போய்விடும், மறுநாள் கட்ட தருமபுரிக்குத் தூக்கிப்போக வேண்டும். ஏசி கம்ப்ரஸரும் அதே ஜாதி மோட்டார்தான். 104 வோல்ட்டுக்குக் கீழே போனாலும் 132-க்கு மேலே போனாலும் தானே துண்டித்துவிடுகிற காவல் பெட்டிகள் டிரெய்லர் கடைகளில் விற்கின்றன. முதல் சம்பளத்தில் அதை வாங்குங்கள், டிவி அப்புறம் ஆகட்டும்.

எர்த்துக்கு வருகிறேன். டிரெய்லர் ரப்பர் டயரில் நிற்கிறது. உள்ளே எங்காவது பேஸ் ஒயர் டிரெய்லரின் தகர உடம்பில் பட்டு, எர்த் ஒயரும் அறுந்திருந்தால், தகரம் முழுக்க 120 வோல்ட் நிற்கும். உள்ளே இருக்கிறவருக்கு ஒன்றும் தெரியாது. ஈர மண்ணில் கால் வைத்துக் கதவைத் தொடுகிறவருக்குத்தான் அடிக்கும். எனக்கு அடித்தது. மழை விட்ட ஒரு காலையில் வெறுங்காலோடு இறங்கிப் போய்த் திரும்பி வந்து கைப்பிடியைப் பிடித்தேன், தோள் வரை இழுத்தது. கேபிளின் எர்த் முள் உடைந்து போயிருந்தது. அதுவரை ஒரு வாரம் அப்படியே ஓட்டியிருக்கிறேன்.

ஊரில் செய்கிற மாதிரி பக்கத்தில் குழி தோண்டி, கரியும் உப்பும் போட்டு பைப்பை இறக்கிவிட்டால் சரியாகிவிடும் என்று நினைக்க வேண்டாம். மண்ணின் தடை 25 ஓம் என்று வைத்தால்கூட 120 வோல்ட்டில் 5 ஆம்ப்தான் அதன் வழியாக ஓடும். 30 ஆம்ப் பிரேக்கர் அதற்கு அசையவே அசையாது. வீட்டு மெயின் பெட்டி வரை அறுபடாத எர்த் ஒயர் போக வேண்டும், அதுதான் பிரேக்கரை விழவைக்கும். நியூட்ரலையும் எர்த்தையும் டிரெய்லரின் பிரேக்கர் பெட்டிக்குள் ஒன்றாகக் கட்டவும் கூடாது, அவை சேர வேண்டிய இடம் மெயின் பெட்டி. கராஜ் சாக்கெட்டில், கரண்டு கசிந்தால் தானே துண்டிக்கிற, பட்டன் வைத்த ஜிஎஃப்சிஐ இருந்து அடிக்கடி விழுந்தால், வேறு சாக்கெட்டுக்கு மாற்றிவிட்டுத் தூங்கப் போகாதீர்கள். நம் ஊர் ஈஎல்சிபி 30 மில்லிஆம்ப் கசிவுக்கு விழும், அது 5-க்கே விழும். பல நேரம் தண்ணீர் ஹீட்டரின் எலிமெண்ட் கசிகிறது என்று அர்த்தம். பிள்ளை தொடுகிற கதவு அது, தம்பி.

டல்லாஸ் பக்கம் இருக்கிற நம்மவர்கள் “டிரெய்லரிலா இருக்கிறாய்” என்று ஒரு மாதிரி கேட்பார்கள். கேட்கட்டும். இரண்டு வருஷம் அதில் இருந்துதான் நான் இங்கே இரண்டு ஏக்கர் மாந்தோப்பை மீட்டேன். எனக்குக் கோபம் “ஊர்ல பார்க்காத கரண்டா” என்கிறவர்கள் மேல்தான். புதிதாக வந்தவனுக்கு உதவுகிற நல்ல மனசு அவர்களுக்கு இருக்கிறது, ஆனால் மீட்டர் வைத்துப் பார்க்கிற பொறுமை இல்லை. எனக்கு மாட்டிக்கொடுத்தவரும் கெட்டவரில்லை, மறுநாள் கண் கலங்கி வந்து நின்றார். இரண்டு பேரும் சேர்ந்துதான் பெட்டியைத் திறந்து படித்தோம். இன்று மீட்டர் இல்லாமல் நான் எந்தப் பிளக்கையும் தொடுவதில்லை.

அன்று ராத்திரி அப்பாவுக்குப் போன் போட்டு எல்லாம் எரிந்துவிட்டது என்றேன். “பீஸ் போச்சா, காயில் போச்சா?” என்றுதான் முதலில் கேட்டார். காயில் என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், “நீ தொட்டியா?” என்றார்.

இன்றைக்கு மீட்டர் வாங்கி நான் சொன்ன மூன்று அளவையும் எடுத்து அனுப்புங்கள். பார்த்துவிட்டுச் சொல்கிறேன். அதுவரை லைன் இழுக்க வேண்டாம்.